விட்ட பந்தையும் எண்ணுங்கள்

வாசகர் கேள்விகளுக்குக் கொடைக்கானலிலிருந்து ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரின் பதில்கள்

போன இதழில் பேஸ்பால் பற்றி எழுதியபோது, “செப்டம்பரில் ஒரு பேட்டர் அடிக்கவில்லை என்பதற்காக அவரை உட்கார வைப்பது பெரும்பாலும் தப்பு” என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு மலையிலிருந்தும் கீழேயிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. சிலவற்றில் நல்ல கோபமும் இருந்தது. அமெரிக்காவில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டம் ஆடி முடிக்கும் மாதம் செப்டம்பர். அதற்குப் பிறகு 12 அணிகளுக்குத்தான் அக்டோபர், அதாவது சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டங்கள், உண்டு. ரசிகர்களுக்குள் சண்டை மூளும் நேரம் அது என்பதால் கோபத்தையும் புரிந்துகொள்கிறேன்.

கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சில்லாத ஊரில் உங்களுக்கு மட்டும் பேஸ்பால் எப்படிப் பிடித்தது? அதிலும் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஏன்? — பண்ணைக்காட்டிலிருந்து ஒரு வாசகர்

என் அப்பா செண்பகனூர்ப் பக்கம் ஓர் அமெரிக்கப் பாதிரியார் பங்களாவில் தோட்டக்காரர். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-லேயே இந்த மலையில் வீடு கட்டத் தொடங்கியவர்கள். தங்கள் பிள்ளைகளுக்காக 1901-ல் இங்கே ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். எங்கள் பாதிரியார் குடும்பத்துக்குச் சொந்த ஊர் பாஸ்டன் பக்கம். அந்த வீட்டுப் பையனுக்கும் எனக்கும் ஒரே வயது. 1967-ல் இருவருக்கும் 11.

அவன்தான் பேரிக்காய் மரத்தடியில் என்னை நிற்க வைத்துப் பந்து போட்டான். அவனுடைய பாட்டி, ஆட்ட விவரம் வந்த செய்தித்தாள் பக்கங்களை வெட்டிக் கட்டாகக் கட்டிக் கப்பல் தபாலில் அனுப்புவார். கட்டு வந்து சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் அந்த ஆண்டுச் செப்டம்பர் எங்களுக்கு நவம்பர் கடைசியில்தான் வந்தது. பெரியவர்களுக்கு முடிவு தெரிந்திருந்தது. ஆனால் சொல்லக்கூடாது என்று பையன் சத்தியம் வாங்கியிருந்தான்.

முந்தைய ஆண்டு தன் லீக்கின் பத்து அணிகளில் ஒன்பதாவதாக வந்த அணி ரெட் சாக்ஸ். 1967-ல் திடீரென்று மேலே ஏறியது. ஆகஸ்ட் 18-ம் தேதி டோனி கோனிக்லியாரோ என்ற 22 வயது பேட்டருக்குப் பந்து முகத்தில் பட்டது. அந்தப் பருவம் அவருக்கு அன்றோடு முடிந்தது, அடுத்த ஆண்டும் முழுக்க ஆடவில்லை. அந்தச் செய்தி வந்த கட்டைப் பிரித்த அன்று பையன் விளையாட வெளியே வரவே இல்லை. இனி யார் அடிப்பார்கள் என்பதுதான் எங்கள் இருவருக்கும் கவலை.

கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி அடித்தார். கடைசி 12 ஆட்டங்களில் 44 வாய்ப்புகளில் 23 ஹிட் (அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டுவது), அதில் 5 ஹோம் ரன் (வேலியைத் தாண்டிய அடி). மினசோட்டாவை இரண்டு நாளும் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற கடைசி இரண்டு நாளில் 8 வாய்ப்புகளில் 7 ஹிட். அக்டோபர் 1-ம் தேதி பாஸ்டன் லீக் சாம்பியன் ஆனது. எங்களுக்கு அது டிசம்பர் பனியில், அடுப்பங்கரை வாசலில் குந்தியபடி படித்த செய்தி. இறுதிப் பட்டத்துக்கான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் செயின்ட் லூயியிடம் தோற்றதை அடுத்த கட்டில் படித்தோம். அந்தத் தோல்வி எனக்கு இன்னும் வலிக்கிறது.

கோடை முழுக்க 0.300 அடித்தவர் செப்டம்பரில் 0.240-க்கு இறங்கிவிட்டால் உட்கார வைப்பதில் என்ன தப்பு? கிரிக்கெட்டில் செய்வதில்லையா? — வத்தலக்குண்டு, கல்லூரி மாணவர்

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம். பேட்டிங் சராசரி 0.300 என்றால் 10 வாய்ப்புக்கு 3 ஹிட். செப்டம்பர் முழுவதும் ஆடினால் ஒருவருக்குச் சுமார் 100 வாய்ப்பு கிடைக்கும். 0.300-க்கும் 0.240-க்கும் நடுவே உள்ள வித்தியாசம், ஒரு மாதத்தில் 6 ஹிட். வாரத்துக்கு ஒன்றரை. நன்றாக அடித்த பந்து நேரே ஆள் கையில் போய் விழுந்தது ஒரு வாரம், தட்டிவிட்ட பந்து இரண்டு பேருக்கு நடுவே விழுந்தது இன்னொரு வாரம். அவ்வளவில் அந்த ஆறும் போய்விடும். உண்மையிலேயே 0.300 ஆட்டக்காரராக இருப்பவர் ஏதோ ஒரு மாதம் 0.240-ல் நிற்பது அதிசயமே இல்லை.

என் வீட்டில் செப்டம்பர் மாதம் மூன்று பேர் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்போம். நான், ஏழு ரோடு பக்கம் பேக்கரி வைத்திருக்கும் நண்பர், டாக்ஸி ஓட்டும் ஒரு தம்பி. பேக்கரிக்காரருக்கு இரண்டு நாள் ஹிட் இல்லை என்றால் போதும், “இவனைத் தூக்கச் சொல்லுங்க வாத்தியாரே” என்பார். நான் ஒவ்வொரு முறையும் திருப்பிக் கேட்பது இதுதான்: எந்தப் பந்தை அடிக்காமல் விட்டான் என்று பார்த்தீர்களா?

விஷயமே அதில்தான் இருக்கிறது. பந்து எறியும் பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் நிற்கும் இடம் 18.44 மீட்டர். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்து சேரும். அதில் பாதிக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும். கண்ணும் தலையும் தெளிவாக இருக்கும் வரை, ஸ்ட்ரைக் எல்லைக்கு (பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவே உள்ள கற்பனைக் கட்டம்) வெளியே போகும் பந்தை ஒருவர் விட்டுவிடுவார். அப்படி நான்கு பந்தை விட்டால் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். ஆனால் அந்த வாக், பேட்டிங் சராசரிக் கணக்கில் சேராது. அன்று அணிக்கு உதவியிருப்பார், சராசரியில் ஒரு புள்ளியும் ஏறியிருக்காது.

பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் இதை வாழ்நாள் பாடமாக வைத்திருந்தார். ஸ்ட்ரைக் எல்லையை அகலத்துக்கு 7 பந்து, உயரத்துக்கு 11 பந்து என்று பிரித்து, 77 பந்துகள் அடுக்கிய படமாகவே காட்டினார். நடுவில் வரும் பந்தை மட்டும் அடித்தால் தன் சராசரி 0.400, தாழ்வாக வெளி மூலையில் வருவதை அடித்தால் 0.230 என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் எண் போட்டார். அடிப்பவர் அதே ஆள்தான், எந்தப் பந்தைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

ஆகவே செப்டம்பரில் ஒருவர் ஹிட் இல்லாமல் இருந்தாலும், ஸ்லைடர் என்ற, தாழ்ந்து வெளியே ஓடும் பந்தை இன்னும் விடுகிறார் என்றால் அவரைத் தொடாதீர்கள். ஜூனில் விட்ட அதே பந்தை இப்போது துரத்துகிறார் என்றால் ஏதோ ஆகிவிட்டது. கை வலியாக இருக்கலாம், அலுப்பாக இருக்கலாம். பிட்சர்கள் அவருடைய ஓட்டையைக் கண்டுபிடித்திருக்கலாம். அப்போது இரண்டு நாள் உட்கார வைப்பது அவருக்கே நல்லது. “பெரும்பாலும் தப்பு” என்று எழுதியதன் காரணம் இதுதான்.

ஆட்டத்தை எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள்? — பூம்பாறை, பூண்டு விவசாயி

பாஸ்டனில் மாலை 7:10 என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை 4:40. நீங்கள் எழுந்து காட்டுக்குக் கிளம்பும் நேரம்தான், ஐயா. பேக்கரி அடுப்பு அதற்கு முன்பே பற்றிவிடுவதால் நண்பர் சூடான பன் கொண்டுவருவார். லாஸ் ஏஞ்சலஸ் போன்ற மேற்குக் கரை ஊர்களில் ஆட்டம் என்றால் காலை ஏழரைக்கு மேல், வெயில் வந்த பிறகு பார்க்கலாம். மழைக்காலத்தில் மின்சாரமும் சிக்னலும் போனால் பாஸ்டனில் இருக்கும் மருமகனின் போன்தான் துணை.

டெட் வில்லியம்ஸ் கடைசி நாள் ஆடாமலே 0.400 பெற்றிருக்கலாம் என்கிறார்களே, உண்மையா? — உதகை, வாசகி

உண்மை. 1941, செப்டம்பர் 28. பிலடெல்பியாவில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். அதற்கு முன்னால் வில்லியம்ஸின் கணக்கு 448 வாய்ப்பில் 179 ஹிட், அதாவது 0.39955. மூன்று இலக்கமாகச் சுருக்கினால் 0.400 என்றே அச்சாகும். வேண்டுமானால் உட்கார்ந்துகொள் என்று மேனேஜர் ஜோ குரோனின் சொன்னார். வில்லியம்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. முந்தின இரவு அணியின் உடைமாற்று அறைப் பணியாளரோடு பிலடெல்பியா தெருக்களில் நெடுநேரம் நடந்தார். அவருக்கு அப்போது வயது 23.

மறுநாள் முதல் ஆட்டத்தில் 5 வாய்ப்பில் 4 ஹிட், இரண்டாவதில் 3 வாய்ப்பில் 2 ஹிட். மொத்தம் 456-ல் 185, அதாவது 0.406. உயரே தூக்கி அடித்து அவுட் ஆனாலும் ஒருவரை ரன் எடுக்க வைத்தால் இன்றைய விதிப்படி அது வாய்ப்புக் கணக்கில் சேராது. அன்று சேர்ந்தது. இன்றைய கணக்கு இருந்திருந்தால் அந்த எண் இன்னும் கூடியிருக்கும். அதே ஆண்டு 140-க்கும் மேற்பட்ட முறை பந்துகளை விட்டு நடந்தே முதல் பேஸுக்குப் போனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் முழுப் பருவம் ஆடி 0.400 தொட்டவர் யாருமில்லை. 1980-ல் ஜார்ஜ் பிரெட் 0.390 வரை வந்தார். 1994-ல் டோனி க்வின் 0.394-ல் இருந்தபோது, ஆகஸ்ட் 12-ம் தேதி ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது, பருவமே அத்தோடு நின்றுபோனது. க்வினுக்கு அந்தச் செப்டம்பர் கிடைக்கவில்லையே என்று இப்போதும் வருந்துகிறேன்.

மலை மேல் பந்து தூரம் போகும் என்கிறார்கள். கொடைக்கானலில் ஹோம் ரன் சுலபமா? — பழனி, பள்ளி மாணவர்

சுலபம்தான். உயரே போகப் போகக் காற்றின் அடர்த்தி குறைகிறது. அதனால் பறக்கும் பந்துக்குத் தடை குறைவு. அமெரிக்காவில் டென்வர் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரம். அங்கே பந்து அதிக தூரம் போவது மட்டுமல்ல, பிட்சரின் வளைபந்தும் சரியாக வளையாது. 2002-லிருந்து பந்துகளை ஈரப்பதம் காக்கும் அறையில் வைத்து எடுக்கிறார்கள். அப்படியும் டென்வர் பேட்டர்களின் எண்ணைப் பார்த்து ரசிகர்கள் கொஞ்சம் கழித்துத்தான் பேசுவார்கள். அது நியாயமும்கூட.

நம் கொடைக்கானல் அதைவிட உயரம், சுமார் 2,100 மீட்டர். ஏறக்குறைய மெக்சிகோ சிட்டி மாதிரி. 2023 ஏப்ரலில் சான் டியேகோவும் சான் பிரான்சிஸ்கோவும் அந்த ஊரில் ஆடிய முதல் ஆட்டம் 16–11 என்று முடிந்தது. இரண்டு அணியும் சேர்ந்து 11 ஹோம் ரன். எங்கள் பள்ளி மைதானத்தில் வேலியைத் தாண்டிய பந்து சீகை மரக் காட்டுக்குள் உருண்டு போய்விடும், தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆகும்.

2011 செப்டம்பரில் ரெட் சாக்ஸ் கவிழ்ந்ததே, அது பேட்டர்கள் செய்த பாவம்தானே? — திண்டுக்கல், வாசகர்

இல்லை. இதைப் பல பேர் இப்படியே நம்புகிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில், அக்டோபருக்குள் நுழையும் வைல்ட் கார்டு இடத்துக்கான போட்டியில் 9 ஆட்டம் முன்னணியில் இருந்த அணி, அந்த மாதம் 7 வெற்றி, 20 தோல்வி. ஆனால் ஆட்டம் தொடங்கும் பிட்சர்கள் 9 இன்னிங்ஸுக்கு 7 ரன்னுக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் எந்த பேட்டர் என்ன செய்ய முடியும்? பாஸ்டன் பேட்டர் ஜகோபி எல்ஸ்பரி அந்த மாதமும் நன்றாகவே அடித்தார்.

கடைசி நாள் பால்டிமோரில் ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், 3–2 முன்னணி. அங்கிருந்து 4–3 என்று தோற்றது. சில நிமிடத்தில், நியூயார்க்கிடம் 7–0 பின்தங்கியிருந்த டாம்பா பே அணி 12-வது இன்னிங்ஸில் எவான் லாங்கோரியாவின் ஹோம் ரன்னால் 8–7 என்று ஜெயித்தது. பாஸ்டன் வெளியே. நமக்கு அப்போது காலை ஒன்பதரை மணி. மருமகன் போனில் சொல்லிக்கொண்டே வந்தான், கடைசியில் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

செப்டம்பர் வந்தால் அணியில் இளைஞர்களைச் சேர்க்கிறார்களே, பழைய ஆளை நிறுத்திவிட்டுப் புதியவருக்கு வாய்ப்புக் கொடுப்பது சரியா? — குன்னூர், தேயிலைத் தொழிற்சாலை ஊழியர்

அணியில் 26 பேர். செப்டம்பர் 1 முதல் 28 பேர். 2020-க்கு முன்பு 40 பேர் வரைகூட வைத்துக்கொள்ளலாம். அப்போது புதிய பிள்ளைகள் நிறைய வருவார்கள், இப்போது இருவர்தான் என்பதால் யாரைக் கூப்பிடுவது என்பதிலேயே சண்டை.

2025-ல் எங்கள் வீட்டில் இந்தச் சண்டை நடந்தது. ஜூனில் ராஃபேல் டெவர்ஸ் என்ற தன் பேட்டரை பாஸ்டன் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பிவிட்டது. பேக்கரிக்காரர் இரண்டு வாரம் ஆட்டம் பார்க்கவே வரவில்லை. அதே ஜூனில் ரோமன் ஆண்டனி என்ற 21 வயதுப் பையன் அறிமுகமானான். டாக்ஸித் தம்பிக்கு அவன்தான் எல்லாம். அவன் சராசரி 0.292, நல்லதுதான், ஆனால் பெரிய அதிசயம் இல்லை. வாக்கையும் சேர்த்து அவன் பேஸை எட்டிய விகிதத்தைப் பாருங்கள், 0.396. அந்த வயதில் அவ்வளவு பந்தை விடத் தெரிந்த பையனை நான் அதிகம் பார்த்ததில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் மட்டையைச் சுற்றும்போது இடுப்புப் பக்கத் தசை பிடித்துக்கொண்டது. பருவம் முடிந்தது. எனக்கு 1967 ஆகஸ்ட்தான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் மூன்று பேரும் தினமும் அதே பேச்சு. அவன் இடத்தில் யார், டெவர்ஸ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும். ஆண்டனி இல்லாமலே பாஸ்டன் அக்டோபருக்குள் நுழைந்தது, நியூயார்க் யாங்கீஸிடம் மூன்று ஆட்டத் தொடரில் தோற்றது. மூன்றாவது ஆட்டத்தில் எங்களை வீழ்த்தியவன் காம் ஷ்லிட்லர், பாஸ்டனுக்குப் பக்கத்தில் வால்போலில் வளர்ந்த பையன். 8 இன்னிங்ஸ், 12 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்), ஒரு வாக்கூட இல்லை. பேக்கரிக்காரர் பேட்டர்களைத் திட்டினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. விடுவதற்கு அவன் பந்தே தரவில்லை. அப்படி ஒரு நாளில் எழுந்து நின்று எதிரியைக் கும்பிட வேண்டியதுதான்.

உங்கள் கேள்விக்கு: வயதைப் பார்க்காதீர்கள். யார் நல்ல பந்துக்குக் காத்திருக்கிறாரோ அவரை ஆடவிடுங்கள்.

என் மகள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். மட்டையைச் சுற்றாமல் நிற்கிறாள் என்று திட்டு வாங்கிக்கொண்டு வருகிறாள். இது பயமா, வேறு ஏதாவதா? — பெருமாள்மலை, ஒரு தாய்

அம்மா, இந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

பல வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு பெண் படித்தாள். அப்பா கேரட் சுமக்கும் கூலி. அந்தப் பிள்ளைக்குக் கண் அப்படி ஒரு கண். ஓர் அணித் தேர்வில் நான்கு முறை அடிக்க நின்றாள். ஒரு ஹிட், இரண்டு வாக், ஒரு அவுட். நான்கில் மூன்று முறை முதல் பேஸில் நின்ற பிள்ளையை, “பயந்துபோய் நிற்கிறாள், சுற்றவே மாட்டேன் என்கிறாள்” என்று தேர்வாளர் ஒருவர் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், கேட்கவில்லை. பஸ்ஸில் கொடைக்கானல் வரும் வரை அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த ஆண்டு ஆட வரவில்லை. போன இதழில் அந்த வரியை எழுதும்போது அவள்தான் என் மனதில் இருந்தாள்.

உங்கள் மகளின் காலைப் பாருங்கள். பந்து வரும்போது முன்கால் பிட்சர் பக்கம் எட்டு வைத்து, இடுப்பு திரும்பத் தயாராகி, கடைசி நேரத்தில் கை நின்றால் அவள் பந்தைப் பார்த்துத்தான் அடிக்காமல் விடுகிறாள். அது அறிவு. யாரும் திட்டக்கூடாது. பின்கால் வெளியே ஒதுங்கி, முகம் திரும்பினால் அது பயம். பயம் என்றாலும் கவலை வேண்டாம், அதைப் போக்க வழி உண்டு.

நான் செய்வது இது. பத்துப் பன்னிரண்டு பழைய டென்னிஸ் பந்துகளில் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று பெரிய புள்ளி வைப்பேன். முதல் வாரம் மட்டையே கையில் கிடையாது. பந்து வரும், புள்ளியின் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். பந்து பட்டால் வலிக்காது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். இரண்டாவது வாரம் மட்டை உண்டு, ஆனால் சுற்றக்கூடாது. எல்லைக்குள்ளா வெளியேயா என்று மட்டும் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம் பச்சைப் புள்ளி வைத்த பந்தை மட்டும் அடிக்க வேண்டும், மற்றதை விட வேண்டும். அதற்குள் பிள்ளைகள் தாமாகவே நல்ல பந்தைத் தேடத் தொடங்குவார்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஏரிக்கரைப் படகுத்துறை பக்கம் கூட்டி வாருங்கள், அங்கிருந்து மைதானத்துக்கு நான் அழைத்துப் போகிறேன். பந்தும் மட்டையும் என்னிடம் இருக்கின்றன. ஸ்வெட்டர் போட்டு அனுப்புங்கள், அந்த நேரத்தில் பனி இறங்கியிருக்கும்.